சரண்யாவுக்கு ஆகாதது

சரண்யாவுக்கு எட்டு வயது. வீசிங் வந்த ஒவ்வொரு முறையும் அவள் தட்டிலிருந்து ஏதாவது ஒன்று குறைந்தது. முதலில் வாழைப்பழம், பிறகு ஆரஞ்சு, தயிர், முட்டை. அக்கம்பக்கத்தில் ஆகாது என்று சொன்னதையெல்லாம் அம்மா சண்முகவடிவு நிறுத்தினாள். குழந்தை ஏங்கக் கூடாதென்று அவளும் தயிரைத் தொடுவதில்லை. அப்படியும் 1996 மழைக்காலம் முழுக்க சரண்யாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது.

தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த அப்பா ஆனந்தகுமாருக்கு மனசு கேட்கவில்லை. பழம்தானே கூடாது என்று பாட்டில் திராட்சை ஸ்குவாஷ் வாங்கி வந்தார். சண்முகவடிவு அதை அவ்வப்போது வெந்நீரில் கலந்து கொடுத்தாள்.

மயிலாப்பூர் டாக்டர் விஜயலக்ஷ்மி குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடறா?" என்று கேட்டார்.

"இட்லி, ரசஞ்சாதம். வேற எதுவும் சேராதுன்னு எல்லாரும் சொல்லுதாங்களே டாக்டர்."

"நீங்க கொடுத்துப் பாத்தீங்களா? உடம்புல தெம்பு இருந்தாதாம்மா இதைத் தாங்குவா. இன்ஹேலரை விடாம கொடுங்க. மூச்சு நல்லா இருக்கற நாள்ல ஒண்ணொண்ணா ஆரம்பிங்க. எதுல இழுக்குதோ அதை மட்டும் நிறுத்தலாம்."

வாழைப்பழம் கொடுத்த அன்று சண்முகவடிவு மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கூசுதும்மா," என்று சரண்யா நெளிந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஆரஞ்சும் முட்டையும் ஒன்றும் செய்யவில்லை. தயிர் கொடுத்த அன்று பயத்தில் ஆனந்தகுமார் கடைக்கே போகவில்லை. அதுவும் சுகமாகக் கழிந்தது.

பிறகு ஒரு ஞாயிறு மாலை, ஸ்குவாஷ் குடித்த கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது. தொடர்ந்து இழுப்பு. இன்ஹேலர் கொடுத்து அது அடங்கியதும் ஆனந்தகுமார், "தயிர்தான் வேலையைக் காட்டிட்டுது," என்றார்.

"தயிர் இந்த வாரம் பூரா சாப்பிடுதாளே. இப்ப குடிச்சது இதுதான்," என்று சண்முகவடிவு பாட்டிலைக் காட்டினாள்.

மறுநாள் டாக்டர் அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "கெட்டுப்போகாம இருக்க இதுல சல்ஃபைட் மாதிரி மருந்து சேர்ப்பாங்க. சில ஆஸ்துமா குழந்தைகளுக்கு அது ஒத்துக்காது. இதை விட்டுடுங்க."

"பாவம் பழம் இல்லாம இருக்காளேன்னு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்," என்றார் ஆனந்தகுமார்.

ஸ்குவாஷ் நின்றது. வீசிங் அடியோடு போய்விடவில்லை. அடுத்த மழையிலும் வந்தது. ஆனால் முன்பு போல ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கவில்லை. அதற்கடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பழைய சீருடை சரண்யாவுக்கு இறுகியது. புதிதாகத் தைக்க அளவு கொடுக்கும்போது, கொஞ்சம் தாராளமாகவே தைக்கச் சொன்னாள் சண்முகவடிவு.