ஷர்வினுக்கு வெல்வெட் சட்டை

வந்திருந்தவர்கள்:

ஷர்வின். ஒரு வயது. விழா அவனுக்குத்தான், ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை.
சரளா. அவன் அம்மா.
யுகேந்திரன். அவன் அப்பா, லாரி ஓட்டுகிறவன்.
புஷ்பலதா. யுகேந்திரனின் அக்கா. சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.
கென்னத். புகைப்படக்காரன்.
நான். கென்னத்துக்கு விளக்குப் பிடித்தேன்.
இன்னும் நூறு பேர் இருக்கலாம். அவர்கள் கதைக்குள் வரமாட்டார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

1

இந்தக் கதை ஒரு கழுத்திலிருந்து வந்தது.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டு நான் கென்னத்தோடு சுற்றிக்கொண்டிருந்த சமயம். ஈப்போவில் ஒரு தாமான் பாலாயில், அதாவது குடியிருப்பின் பொது மண்டபத்தில், பிறந்தநாள் விழா. கென்னத் படம் எடுப்பான், நான் விளக்கைத் தூக்கிப் பிடிப்பேன். விளக்குப் பிடிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறான். நான் பார்த்தது ஒரு குழந்தையின் கழுத்து. மெரூன் வெல்வெட் சட்டையின் விறைத்த கழுத்துப்பட்டிக்கு மேலே மடிப்பு மடிப்பாகப் பிதுங்கி, சிவந்து, வியர்வையில் மினுங்கியது.

(கழுத்தை வைத்து ஒரு கதையா என்று கேட்பீர்கள். என்னிடம் வேறு சரக்கு இல்லை.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஆதிகாலத்திலிருந்தே மனிதன் தன் குழந்தைகளை அலங்கரித்து" வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை.

"அன்று காலையிலிருந்தே சரளாவின் இடது கண் துடித்துக்கொண்டு" பொய். காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"புஷ்பலதா ஒரு ராட்சசி. அவள்" இதைத் தொடர்ந்து மூன்று பக்கம் எழுதினேன். வேகமாக வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இதைப் பற்றிப் பிறகு.

3

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

புஷ்பலதாவும் யுகேந்திரனும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். குழந்தை பிறந்தபோதும் அவள் வரவில்லை. பிறந்தநாளுக்கு சரளாதான் தானாக போன் செய்து கூப்பிட்டாள். காரணம், அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பிறந்தநாளில் அத்தை கொண்டுவரும் உடையைத்தான் குழந்தைக்குப் போடுவார்கள். கேக் வெட்டி, உறவுகள் எல்லாம் நின்று படம் எடுத்து முடியும்வரை அதைக் கழற்றக்கூடாது. கழற்றினால் அத்தையை வாசலோடு அனுப்பியதற்குச் சமம்.

ரப்பர்த் தோட்டத்தில் இருந்த நாளில் அது ஒரு பருத்திச் சட்டையாக இருந்திருக்கும். யாருக்கும் தொந்தரவில்லை. இப்போது அது வெல்வெட். நெஞ்சு முழுக்க ஜரிகை, கல். பொருத்தமாகத் தலைப்பாகை. முனை வளைந்த காலணியும் இருந்தது, இன்னும் நடக்கப் பழகாதவனுக்கு.

உடை மாற்றுவதையும் படம் எடுக்கவேண்டும் என்று கென்னத்தை முன்கூட்டியே வரச்சொல்லியிருந்தார்கள். யுகேந்திரன் குழந்தையின் கையை நுழைத்தான். முழங்கையில் நின்றுவிட்டது.

"மடக்கி விடுலா. கூண்டுல கோழிய அடைக்கிற மாதிரி அடைக்கிற" என்றாள் புஷ்பலதா.

"அண்ணி, இது கொஞ்சம்..." என்று சரளா ஆரம்பித்தாள். யுகேந்திரன் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"கொஞ்சம் என்னா?"

"கொஞ்சம் கனமா இருக்கு. ஆனா அழகா இருக்கு அண்ணி."

சட்டை சின்னது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. சின்னது என்று சொன்னால், நீ இந்தப் பிள்ளையை இதுவரை பார்த்ததே இல்லை என்று சொன்னதாகிவிடும். புஷ்பலதா அவனைப் போனில் வந்த படங்களில் மட்டுமே பார்த்து, குத்துமதிப்பாக வாங்கியிருந்தாள். படத்தில் எல்லாக் குழந்தையும் ஒரே அளவுதான். தொழிற்சாலையில் நாங்கள் கையுறைக்கே அளவு பார்த்துத்தான் பெட்டியில் போடுவோம்.

யுகேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுத்துக் கொக்கியை மாட்டினான். ஷர்வினின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றன.

"பாரேன், என் குட்டி ராஜாவ!" என்றாள் அத்தை.

4

இனி அந்த மூன்று பக்கம். அதில் புஷ்பலதா குழந்தையைக் கிள்ளக்கூடச் செய்தாள். நானே வெட்கப்பட்டுக் கிழித்துப்போட்டேன்.

அடுத்து, அவளுக்கு ஒரு பரிதாபமான சிறுவயதைக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல துணி கிடைக்காமல் வளர்ந்தவள், அதனால்தான் இந்த வெல்வெட், என்று. அதையும் கிழித்தேன். தப்புச் செய்கிறவர்களுக்கெல்லாம் ஒரு கிழிந்த பாவாடையை எழுதிக் கொடுப்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.

நான் பார்த்தது இவ்வளவுதான். விழா தொடங்கியதிலிருந்து புஷ்பலதா ஒரு காகிதத் தட்டை வைத்து ஷர்வினுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். அவனை வேகவைத்தவளும் அவள்தான், விசிறியவளும் அவள்தான். இதை ராட்சசிப் பக்கங்களுக்குள் எங்கே செருகுவது என்று எனக்குத் தெரியவில்லை.

(ஒரு குறிப்பு. நாம் பெரியவர்கள் அழகுக்காக அவதிப்படுவது நம் இஷ்டம். இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்படலாம். குழந்தைக்கு அந்தத் திருப்தியும் கிடையாது. தான் எப்படி இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. எப்படி உறுத்துகிறது என்பது மட்டும் தெரியும்.)

5

படம் எடுப்பது ஆரம்பமானது. ஒவ்வொரு குடும்பமாக மேடையேறி நின்றது. பாலாயில் நான்கு மின்விசிறிகள். அவற்றில் ஒன்றுகூட மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. போதாததற்கு என் விளக்கு வேறு.

ஷர்வின் கத்தினான்.

"ராஜா, இங்க பாரு! மாமாவ பாரு!" கென்னத் சாவிக்கொத்தை ஆட்டினான். என் பக்கம் திரும்பி, "மச்சான், விளக்க கொஞ்சம் தள்ளிப் பிடி, புள்ளைக்கு பானாஸ்லா, வேர்த்துக் கொட்டுது" என்றான்.

"ஆம்பளப் புள்ள இப்படியா அழுவுறது? நாளைக்கு தாலி கட்டுறப்ப என்னா செய்வான்?" என்றார் ஒரு பெரியவர்.

(நூறு பேரில் ஒருவர் கதைக்குள் வந்துவிட்டார். சாப்பிட அனுப்பியாயிற்று.)

திடீரென்று அழுகை நின்றது. எல்லாருக்கும் நிம்மதி. கென்னத் நான்கைந்து படம் தட்டினான். விளக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் நான் பார்த்தேன். ஷர்வின் சமாதானமாகவில்லை. களைத்துப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் சொருகிக்கொண்டு வந்தது. சரளாவும் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.

யுகேந்திரன் அவள் காதருகே குனிந்தான். "இன்னும் நாலு குடும்பம்தான் சரா. அக்கா இப்பத்தான் வீட்டுப் படி ஏறியிருக்கு. மறுபடியும் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா?"

"போனா நீ போய்க் கூப்பிடு. நான் ஒரு தடவ கூப்பிட்டாச்சு. இவன் சட்டைக்குள்ள வேகுறான், உனக்குத் தெரியலயா?"

"தெரியுது. எப்படிச் சொல்லச் சொல்ற? சட்டை சின்னதுன்னு அக்கா மூஞ்சிக்கு நேரா சொல்லவா?"

சரளா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் அறைக்குள் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

6

இங்கே கதை நின்றுவிட்டது. நானும் நெடுநாள் இங்கேயே நின்றேன். எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) கென்னத் சொன்னது: "கழட்டட்டும்லா. பழைய படத்துலேருந்து சட்டைய வெட்டி கம்ப்யூட்டர்ல ஒட்டிர்றேன். யாருக்குத் தெரியும்?" இது தொழில்நுட்பம். முடிவு இல்லை.

(ஆ) புஷ்பலதா வேனைக் கிளப்பிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிப் போகிறாள், இன்னொரு மூன்று வருடம். நடக்கக்கூடியதுதான். இதை எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

(இ) குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், எல்லாரும் திருந்துகிறார்கள். மாட்டேன். பெரியவர்கள் திருந்துவதற்காக ஒரு வயதுப் பிள்ளையைப் படுக்கையில் போட முடியாது.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

புஷ்பலதா காகிதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் நடந்தாள். யுகேந்திரன் பதறிக்கொண்டு பின்னால் ஓடினான். விளக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நானும் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கேமராவோடு கென்னத் என் பின்னால்.

"ஒண்ணுமில்லக்கா, பேம்பர்ஸ் மாத்துறா. இப்ப வந்துருவா."

"வாய மூடுறா. எனக்கு என்னா கண்ணு அவிஞ்சா போச்சு? கை மாட்டிக்கிட்டப்பவே தெரிஞ்சிருச்சு. ஒருத்தனாச்சும் சொல்லுவான்னு பாத்தேன். அழகா இருக்கு, அழகா இருக்குன்னு எல்லாரும் ஒரே பாட்டு. நானும் வாய மூடிக்கிட்டேன்."

கதவைத் தட்டினாள்.

"சரளா. நான்தான்மா. சின்னதா வாங்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். எனக்குக் கேட்டது. "நான்தான் புள்ளைய தூக்கவே இல்லயே. அளவு எப்படித் தெரியும்?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு சரளாவின் குரல்:

"கழுத்துக் கொக்கி வரமாட்டேங்குது அண்ணி. இழுத்தா அழுவுறான். கத்தரிக்கோல் இருக்குமா?"

யுகேந்திரன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த முகத்தை வருணிக்க நான்கு வாக்கியம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். அவள் கென்னத்தின் பக்கம் திரும்பிக் கையை மட்டும் நீட்டினாள். டேப் வெட்டுவதற்கு அவன் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் கிடக்கும். எடுத்துக் கொடுத்தான்.

"அக்கா, நல்ல வெல்வெட்டுக்கா..." என்றான் யுகேந்திரன்.

"அப்ப நீ போட்டுக்கலா."

வாசகரே, கேக் இன்னும் வெட்டவில்லை. நான்கு குடும்பங்கள் படத்துக்குக் காத்திருக்கின்றன. ஷர்வின் எதை உடுத்திக்கொண்டு வெளியே வருவான் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் ஒரு குழந்தைக்கு உடுத்திவிட்டுப் பழக்கம் இருக்கும், இல்லாவிட்டால் உங்களுக்கு யாராவது உடுத்திவிட்டிருப்பார்கள். நீங்களே அவனுக்கு ஏதாவது போட்டுவிடுங்கள். வெறும் பனியன் என்றாலும் சரி, அம்மாவின் சால்வையைச் சுற்றினாலும் சரி, வெறும் உடம்போடு விட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: கழுத்தில் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும்.

கதவு ஓரடி திறந்தது. கென்னத் கேமராவைத் தூக்கினான். நானும் பழக்கதோஷத்தில் விளக்கை உயர்த்தினேன்.

"நீங்க எங்க வாரீங்க?" என்றாள் புஷ்பலதா.

கத்தரிக்கோலோடு அவள் உள்ளே நுழைந்தாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.