குமிழ் வைத்த அடுப்பு

"தூக்குங்க அத்தான், இன்னும் கொஞ்சம் தூக்குங்க! கண்ணாடி, கண்ணாடி!" என்று மைத்துனன் கத்தினான்.

வெல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு புது இண்டக்ஷன் அடுப்பை இரண்டு கைகளிலும் ஏந்தி நின்றார். நாற்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய கைகள் அவை. இரும்பு நழுவினால் நசுங்குவது கால்தான், இரும்புக்கு ஒன்றும் ஆகாது. இதுவோ முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி. கீழே, அவர் பழைய பட்டறைக்குப் போய் இரண்டு நாள் அறுத்து, பற்றவைத்து, பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்த ஸ்டாண்ட் மாப்பிள்ளைத் தோரணையில் காத்திருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க."

சொன்னது நாற்காலியில் சாய்ந்திருந்த அவர் மனைவி. மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் அடுப்போடு வந்த சின்னப் புத்தகம், கழுத்தில் நாடாவில் கட்டிய காந்தம். அவள் தையற்காரி. தரையில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருந்த காந்தம் அது. பத்து நாளாக அதற்கு வேறு உத்தியோகம்.

"இதை அந்த ஸ்டாண்டுல வெச்சுப் பாரு" என்று காந்தத்தைக் கழற்றி மகளிடம் நீட்டினாள்.

டக்கென்று ஒட்டியது.

"இரும்புன்னா ஒட்டத்தானே செய்யும்?" என்றார் வெல்டர்.

"இந்த அடுப்பு எதைச் சூடாக்கும்?"

"காந்தம் ஒட்டுறதை..." என்று தொடங்கியவரின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"நாலாம் பக்கம். இரும்பு மேல வைக்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பாத்திரத்தோட சேர்த்து ஸ்டாண்டையும் வேக வைக்கப் போறீங்களா?"

மைத்துனன் எலெக்ட்ரீஷியன். டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. அதுவரை வெல்டர் அடுப்பை ஏந்தியபடியே நின்றார்.

ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்த அன்று நர்ஸ் முதலில் பார்த்தது நோயாளியை அல்ல, சமையலறையைத்தான். "வீட்டுக்குள்ள நெருப்பே கூடாது. ஒரு தீக்குச்சிகூட" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே காஸ் சிலிண்டர் வெளியே போனது. அதற்குப் பிறகு மூன்று வாரமாகச் சாப்பாடு டப்பாவில் வந்தது, வழியிலேயே ஆறிப்போய். அதை அவள் வாய் திறந்து குறை சொல்லாமல் விழுங்குவதைப் பார்க்க வெல்டருக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "நாள் எண்ண வேண்டாம். ஆனா எதையும் தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லியிருந்தார். வெல்டர் தள்ளிப் போடவில்லை. ஒரே ஒரு தடவையாவது அவள் தன் வீட்டில், தன் அடுப்பில், தன் கையால் எதையாவது சமைத்துச் சூடாகச் சாப்பிட வேண்டும். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. நெருப்பில்லாத அடுப்பு ஒன்று இருக்கிறது என்று மகள் சொன்னதும் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

"என்னை விட்டுட்டா? நடக்கிற காரியமா?" என்று மனைவியும் கிளம்பினாள். தோளில் பையைப்போல மாட்டிக்கொள்ளும் சின்ன சிலிண்டரை மகள் சுமந்துவர, அவள் சக்கர நாற்காலியில் ராணி மாதிரி கடைக்குள் நுழைந்தாள்.

அங்கே அவள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. விற்பனைப் பெண் நல்ல சிவப்பு நிறத்தில் ஒன்றைக் காட்டினாள். வெல்டருக்கு அது பார்த்தவுடனே பிடித்துவிட்டது. குமிழ் கிமிழ் ஒன்றும் கிடையாது, கண்ணாடியைத் தொட்டாலே போதும்.

"ஏங்க, நீங்க தொட்டுக் காட்டுங்க" என்றாள் மனைவி.

தொட்டார். அடுப்பு அசையவில்லை. அழுத்தித் தொட்டார். விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டார். தீப்பொறி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன அந்த விரல்நுனிகளை அடுப்பு மனித விரலாகவே மதிக்கவில்லை. விற்பனைப் பெண் தொட்டதும் கீச்சென்று குரல் கொடுத்தது.

"இது வேண்டாம். அடுத்தது."

"சமைக்கப் போறது நீ. என் விரல் எதுக்கு?" என்று வெல்டர் எரிச்சல்பட்டார்.

"ஒரு நாளாவது எனக்குத் தண்ணி சுட வெச்சுத் தர மாட்டீங்களா?"

அவர் வரிசையாக நாலைந்து அடுப்புகளைத் தொட்டார், எல்லாம் அவரை அவமானப்படுத்தின. கடைசியில் ஒரு மூலையில், யாரும் சீண்டாத ஒன்று கிடைத்தது. அழகில்லை, ஆனால் முன்பக்கம் இரண்டு கெட்டியான குமிழ்கள். அவர் திருகியதும் விளக்கு எரிந்தது. மனைவியின் முகத்திலும்.

"சரிம்மா, இப்ப ஒரு கேள்வி" என்று விற்பனைப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "இதுல ஒரு ஆள் தண்ணியை வெச்சிட்டு மறந்தே போயிட்டார்னு வை. தண்ணி சுண்டிப் பாத்திரம் காஞ்சுபோச்சு. அப்ப?"

"சூடு மீறினா அதுவே அணைஞ்சிடும்மா. அப்படி யாரும்மா மறப்பாங்க?"

"அதோ நிக்கிறாரே, அந்த ஆள்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது ஒன்று, மகள் கல்யாண வேலையில் ஒன்று என்று வெல்டர் அடுப்பில் வைத்து மறந்து கருக்கிய பாத்திரங்கள் உண்டு. அதில் ஒன்றை அவள் தூக்கிப் போடாமல், சண்டை வரும்போது எடுத்துக் காட்டவென்றே அலமாரியில் வைத்திருந்தாள். வேடிக்கை என்னவென்றால், கடையிலிருந்து வந்ததும் வீட்டிலுள்ள பாத்திரங்களையெல்லாம் கவிழ்த்துக் காந்தத்தை வைத்துப் பார்த்தபோது, பளபளவென்றிருந்த அத்தனை பாத்திரங்களிலும் அது வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கருகின பாத்திரத்தில்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இப்போது ஸ்டாண்ட் இல்லை. அடுப்பை எங்கே வைப்பது என்று எல்லோரும் விழித்தார்கள்.

"என் மேசைக்கு என்ன குறைச்சல்?" என்றாள் மனைவி.

துணி வெட்டும் மேசை. தடித்த மரம், விளிம்பில் ஆணியடித்த அளவுகோல். கூடத்தில் அவள் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது. மகள் அதன் மேலிருந்த துணிகளை வாரினாள், வெல்டர் அடுப்பை இறக்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

இனி கரண்ட் ஒன்றுதான் பாக்கி. அடுப்புக்குத் தனி வயர் இழுத்தாகிவிட்டது, அதை இணைக்க மெயினை அணைக்க வேண்டும். மெயின் போனால் ஆக்சிஜன் மெஷினும் போகும்.

"பத்தே நிமிஷம் அத்தான். அக்காவைச் சின்ன சிலிண்டருக்கு மாத்திடுங்க."

"ஒன்பது நிமிஷத்துல முடிடா" என்றாள் அக்கா.

மெஷின் நின்றதும் வீடு அப்படியே அமைதியானது. வெல்டர் சிலிண்டரின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. ஆனால் கண்கள் தம்பியின் முதுகை விரட்டிக்கொண்டிருந்தன. "எட்டு ஆச்சு... என்னடா பண்றே..." விளக்கு வந்தது, மெஷின் உறுமியது, மகள் கை தட்டினாள்.

"வா, உன் அடுப்பு" என்று வெல்டர் நாற்காலியை மேசைப் பக்கம் நகர்த்தப் போனார்.

"நான் இங்கேயே இருக்கேன். நீங்க வைங்க."

"நானா? உனக்காகத்தானே இத்தனையும்!"

"எனக்காகத்தான். வைங்க."

அப்போதுதான் வெல்டருக்குக் கடையில் அத்தனை அடுப்பையும் தன்னைத் தொடச் சொன்னது உறைத்தது. காய்ந்துபோன பாத்திரத்தைப் பற்றிய கேள்வியும் உறைத்தது. திரும்பி அவளைப் பார்த்தார். அவளோ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே.

"கீழே ஒரு பேப்பரைப் போடுங்க. கடையில அந்தப் பொண்ணு காட்டினாளே, அது மாதிரி."

நியூஸ்பேப்பரை நாலாக மடித்துக் கண்ணாடி மேல் போட்டார். அதன் மேல் கருகின பாத்திரம், அதில் தண்ணீர், இரண்டு முட்டை. குமிழைத் திருகினார். எட்டு என்று எண் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் சின்னச் சின்னக் குமிழி. பிறகு தளதளவென்று ஒரு கொதி.

"கொதிக்குது! நெருப்பே இல்லாம கொதிக்குது!" என்று வெல்டர் கத்தினார். பேப்பர் ஒரு ஓரம்கூடச் சிவக்கவில்லை. சூடு என்றால் ஒரு தடம் இருக்கும் என்பது அவர் கையும் முகமும் அறிந்த பாடம். இதில் தடமே இல்லை. குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், மைத்துனனையும் குனிய வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"பேப்பர் கதை போதும், உருவிடுங்க. அஞ்சுல வெச்சுப் பத்து நிமிஷம். மறந்துடாதீங்க" என்றாள் மனைவி.

அந்தப் பத்து நிமிஷமும் அவர் மேசையை விட்டு நகரவில்லை. காவல்காரனைப்போல நின்றார். மகள் ஏதோ கேட்டதற்குக்கூடத் திரும்பவில்லை.

முட்டையை உரித்து, நறுக்கி, உப்பு தூவி, ஆவி பறக்க அவளிடம் கொண்டுபோனார். அவள் ஊதி ஊதிப் பாதி முட்டை சாப்பிட்டாள். மூன்று வாரத்தில் அவள் ஊதிச் சாப்பிட்ட முதல் கவளம். நாக்கு லேசாகச் சுட்டுக்கொண்டு, சந்தோஷமாக உதட்டைச் சுழித்தாள்.

"மஞ்சள் கரு சரியா வெந்திருக்கு" என்றாள். "உப்புதான் ஜாஸ்தி."

"நாளைக்குக் குறைச்சுப் போடுறேன்."

"ம்."

மதியம் மைத்துனன் கிளம்பிப் போனான். அவள் அசந்து தூங்கினாள். நாலு மணிக்கு வெல்டர் மறுபடி தண்ணீர் வைத்தார். டீ போடப் பழகலாம் என்று ஓர் ஆசை. கொதித்ததும், அளவு கேட்பதற்காக, "ஏய், எத்தனை ஸ்பூன் தூள்?" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது மகள் ஓடி வந்து அம்மாவின் முகத்தருகே குனிந்தாள்.

"அப்பா..." என்றாள்.

மெஷினை அணைத்தது வெல்டர்தான். அதற்கு முன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். இரண்டையும் எந்த வரிசையில் செய்தார் என்று பிறகு மகள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

காரியங்கள் நடந்தன. ஜனங்கள் வந்தார்கள், போனார்கள். ஆக்சிஜன் மெஷினை எடுத்துப்போக வந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வந்தவர்களில் பாதிப் பேர் கூடத்து மேசைமேல் இருந்த அடுப்பைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். துக்க வீடு என்பதையும் மறந்து வெல்டர் அதைத் திருகிக் காட்டினார், பாத்திரத்தில் காந்தத்தை ஒட்டிக் காட்டினார். சிலர் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கலாம். "வாங்கினது அவ" என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும்போது மகள், "இனிமே காஸ் வெச்சுக்கலாம்ப்பா. உங்களுக்கு நெருப்புதானே பழக்கம்? நான் சொல்லிடவா?" என்றாள்.

"வேண்டாம்."

"தனியா பார்த்துப்பீங்களா?"

"முட்டை தெரியும். மத்ததைப் புத்தகத்தைப் பார்த்து ஒண்ணொண்ணா பழகிக்கிறேன்."

மறுநாள் காலை கருகின பாத்திரத்தில் இரண்டு முட்டையை வைத்துக் குமிழை எட்டுக்குத் திருகினார். கொதிக்கட்டும், பிறகு குறைக்கலாம். பின்பக்கம் அந்த இரும்பு ஸ்டாண்ட் வெயிலில் கிடந்தது. அதன் காலைக் குட்டையாக்கினால் அவளுடைய தையல் மெஷினுக்கு ஆகும் என்று தோன்றியது. அளந்து கோடு போட்டார். கிரைண்டரை எடுத்தார். பொறி பறந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் பொறி. ஒரு கால், இரண்டாவது கால், பிசிறு தேய்ப்பு. மூன்றாவது காலில் இருக்கும்போதுதான் மனசில் சுருக்கென்றது.

கிரைண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

கூடத்தில் புகை இல்லை. கருகல் வாடை இல்லை. அடுப்பில் ஒரு விளக்குகூட எரியவில்லை. குமிழ் மட்டும் எட்டில் நின்றது. பாத்திரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, இரண்டு முட்டையும் ஓடு வெடித்துக் கிடந்தன. புதிதாக ஒரு கறைகூட விழவில்லை.

போன் அடித்தது. மகள்.

"சாப்பிட்டாச்சாப்பா? எதையும் கருக்கலையே?"

"இல்லம்மா" என்றார்.

குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். எதிர் நாற்காலிக்கு நேராக மேசையில் சாய்ந்துகொண்டு, விரல் சுடச் சுட முட்டையை உரித்தார். உப்புக் குப்பியைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து, அதில் பாதியைத் திரும்பவும் குப்பிக்குள் போட்டார்.