அடைக்கலமேரி வீட்டுக் குழாய்

பெலிண்டா டீச்சருக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் அவ்வளவுதான், சோறு தண்ணி இறங்காது. இந்தத் தடவை ஏறியது தண்ணியேதான். காரீயக் குழாயில் வரும் தண்ணீரில் காரீயம் கலக்கும், காய்ச்சினாலும் போகாது, வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பதம் பார்த்துவிடும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தன் தெரு ஞாபகம் வந்தது. பாலக்கரையில் மாதா கோயிலை ஒட்டிய அந்தத் தெருவில் பாதி வீடுகள் காரீயக் குழாய் போட்டுவந்த வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. இதில் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பேட்ரிசியா வேறு மணப்பாறையிலிருந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வருகிறாள்.

மாமியார் அடைக்கலமேரியிடம் சொன்னாள். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தத் தெருவில் ஒழுகாத குழாய் நம் வீட்டுக் குழாய் ஒன்றுதான், என் மாமனாரின் அப்பா போட்டது, தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் மாறியிருந்தது.

"எம் பொண்ணு வரக்கூடாதுன்னு நினைச்சா நேரா சொல்லிடு பெலிண்டா. குழாயைச் சாக்கு சொல்லாத."

பெலிண்டாவுக்குச் சுருக்கென்றது. பேட்ரிசியாவுக்காக அறையை ஒழித்துப் போட்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் துணிகூடத் தைத்து வைத்திருப்பவள் அவள்தான். இப்படி ஒரு பழியா? ஒரு வீடு விடாமல் பார்த்து, ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டால் நிம்மதி என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டாள். சனிக்கிழமை காலையில் ஆளாளுக்கு வாசலில் தயார். வேடிக்கை என்றால் இந்தத் தெருவுக்குச் சொல்லவா வேண்டும்!

மண்ணிலிருந்து எழும்பி வீட்டுக்குள் போகிற குழாயைச் சாவியால் சுரண்டிப் பார்க்க வேண்டும், உள்ளே வெள்ளியாய்ப் பளபளத்தால் சந்தேகம். எதிர்வீட்டு மாரியாயியின் குழாய் அழுக்கேறிக் கறுத்திருந்தது. சுரண்டினாள், பளபளத்தது. அடுத்த வீடு, அதுவும் பளபள. நாலைந்து வீடு தாண்டுவதற்குள் தெரு கொதித்துவிட்டது. ஒருவர் மாநகராட்சியை வாய்க்கு வந்தபடி திட்டினார், இன்னொருவர் வாட்டர் கேன்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

மாரியாயிதான் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், விரலெல்லாம் வெள்ளியா ஒட்டியிருக்கே. இது நம்ம தேர்த் திருவிழா பெயிண்டுங்க."

அட ஆமாம்! மாதா தேர் வருவதற்கு முன் எல்லா வீட்டு கேட்டுக்கும் சில்வர் பெயிண்ட் அடிப்பார்கள். டப்பாவில் மிச்சம் இருந்தால் வீணாக்குவானேன் என்று குழாய்க்கும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவது இந்தத் தெருவின் வழக்கம். போன வருஷம் அவள் புருஷன் ஸ்டீபன்ராஜே இழுத்தான், டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்! தெரு சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள்.

சும்மா விடுவாளா? ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படக் காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். இரும்பென்றால் ஒட்டும், காரீயமென்றால் ஒட்டாது. மாரியாயி வீட்டுக் குழாயில் டக்கென்று ஒட்டியது. அடுத்த வீட்டிலும் டக். ஒவ்வொரு டக்குக்கும் கைதட்டல் வேறு. பிளாஸ்டிக் குழாய்க்காரர்கள் தேர்வெழுதாமலே பாஸானவர்கள்போல் நின்றார்கள். போகிறபோக்கில் குழாய் எப்போது மாற்றியது என்றும் கேட்டாள். மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒழுகி மானத்தை வாங்கியது, அப்போது மாற்றினோம் என்றார் மாரியாயி. எல்லா வீட்டிலும் அதே கதைதான், பழசு ஒழுகியது, புதுசு போட்டார்கள்.

பெலிண்டாவின் சிரிப்பு அங்கேதான் நின்றது. தெருவில் ஒழுகாத குழாய் தன் வீட்டுக் குழாய் ஒன்றுதானே. அதை யார் மாற்றியிருப்பார்கள்?

அடைக்கலமேரி தன் வீட்டுக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். பெலிண்டா காந்தத்தை வைத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடியும் விழுந்தது. மாமியார் அதைப் பிடுங்கி, தானே அழுத்திப் பிடித்துக் கையை எடுத்தார். மாதா படம் மண்ணில் கிடந்தது. உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து அவரே சீவினார். பெயிண்டுக்கு அடியில் குழாய், பென்சில் சீவினாற்போல் சுருண்டு வந்தது.

இரும்பு இப்படிச் சீவ வராது, காரீயமேதான். தான் சொன்னது தப்பாகப் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது பெலிண்டாவுக்கு.

தெருமுனையில் கடை வைத்திருக்கும் பிளம்பர் ஆரிஃப் வந்து பார்த்துவிட்டு, ரோட்டைத் தோண்ட மாநகராட்சி அனுமதி வேண்டும், புதுக் குழாய் போட எப்படியும் இரண்டு மூன்று வாரமாகும் என்றான். அடைக்கலமேரி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதைக் குடிச்சுத்தான அவ வளந்தா," என்றார். "அவளை வர வேணாம்னு சொல்லிடு."

"வரணும் அத்தை," என்றாள் பெலிண்டா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தில்லை நகர் டாக்டரம்மாகிட்ட ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கலாம். பிரசவம் இங்கதான். தண்ணிதானே வேணும்? தெரு முழுக்கக் குழாய் இருக்கு."

தூக்கிவந்து தருகிறோம் என்று மாரியாயி முந்திக்கொண்டார், ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். அடைக்கலமேரி எழுந்து உள்ளே போனார். ஒருநாளும் இன்னொருவர் வாசலில் குடம் வைத்திராத மனுஷி, இடுப்பில் குடத்தோடு தெருவைக் கடந்து மாரியாயி வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்திறங்கிய பேட்ரிசியா, டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணி வேற மாதிரி இருக்கே என்றாள்.

"எதுத்த வீட்டுத் தண்ணி," என்றார் அடைக்கலமேரி, டம்ளரைத் திரும்ப நிரப்பியபடி. "இனிமே உங்க அண்ணி எந்தக் குழாயைக் காட்டுறாளோ, அந்தத் தண்ணிதான் இந்த வீட்டுல."