திரையைக் கலைக்கிற கை

அச்சகத்தில் அவளுக்கு லேபிள்காரி என்று பெயர். சோப்பு, ஜாம், இருமல் மருந்து என்று எந்தப் பாட்டிலில் என்ன ஒட்ட வேண்டுமென்றாலும் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அவள்தான் வரைந்து அனுப்புவாள். வேலை சுத்தம். ஆனால் சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம். அடுப்பை அணைத்த பிறகும் குனிந்து மோந்து பார்ப்பாள். வேலை முடிந்தால் கம்ப்யூட்டரை அணைப்பது போதாது, சுவரில் இருக்கும் பிளக்கையும் பிடுங்கிப் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். "தனியா இருக்கிற மிஷின் என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்?" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தான். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று ஒரே ஒரு பையோடு வந்தவன், ஹால் சோபாவே கதி என்று கிடந்தான். சத்தமே போட மாட்டான். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். என்ன சொன்னாலும் சிரிப்பான். அதுதான் அவளை உறுத்தியது. காரியம் இல்லாமல் எவனாவது இவ்வளவு நல்லவனாக இருப்பானா?

அவளுடைய பழைய கம்ப்யூட்டரோ ஒரு படத்தைத் திறப்பதற்குள் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிற நிலைமைக்கு வந்திருந்தது. "அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தவன்தானே, அவன்கிட்ட காட்டேன்" என்று கணவன் நச்சரித்தான். வேண்டாவெறுப்பாகச் சரி என்றாள். கொழுந்தன் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து செருகினான்.

"இது லினக்ஸ், அண்ணி, விண்டோஸுக்குப் பதிலா ஓடுறது. மிஷின்ல இன்னும் ஏத்தல, பென்டிரைவ்லேர்ந்தே ஓடும். கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பாருங்க. பிடிச்சா ஏத்திடலாம். பிடிக்கலையா, இதைப் பிடுங்கிட்டா உங்க பழையது அப்படியே இருக்கும். படமெல்லாம் வழக்கமான இடத்துலயே சேவ் பண்ணிக்கலாம்."

அவள் காதில் ஏறியது பழையது அப்படியே இருக்கும் என்பது மட்டும்தான். மீதி நேரமெல்லாம் அவன் கை எங்கெங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, மிஷின் பறந்தது. காலையில் வந்து உட்காருவதற்கு முன்பே அது ஓடிக்கொண்டிருக்கும். பெரிய திரையில் படம், பக்கத்துச் சின்னத் திரையில் கருவிகள், எழுத்து கண்ணுக்கு இதமாக, சிவப்பு சிவப்பாக. "உங்க தம்பி உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கான்" என்று கணவனிடம்கூடச் சொல்லிவிட்டாள். மிஷின் தானாக எப்படி ஓடுகிறது என்று அவள் யோசிக்கவில்லை. புதுசுகள் எல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

பிறகு ஒரு காலை, குளித்துவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தவள், கொழுந்தன் பின்னறையிலிருந்து பூனைபோல வெளியே வருவதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன இங்க?"

"ஒண்ணுமில்ல அண்ணி, சும்மாதான்." பாவி, முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

உள்ளே போனால் நாற்காலி அவள் உயரத்துக்கு இல்லை. யாரோ நெட்டையன் உட்கார்ந்து எழுந்திருக்கிறான். அப்படிப் போகிறதா சங்கதி! மேஜையில் இருந்தது புது ஜாம் கம்பெனியின் லேபிள், இன்னும் கடைக்கே வராதது. போட்டிக் கம்பெனிக்காரனுக்கு இதைக் காட்டினால் அவனுக்கு வேலைக்கு வேலை, காசுக்குக் காசு. அன்றைக்கே பின்னறைக்குப் பூட்டு வாங்கி மாட்டினாள். சாவி இடுப்பில்.

மறுநாள் காலையில் பிளக்கைச் செருகி, தானே ஆன் பண்ணினாள். எழுத்தெல்லாம் யானை சைஸ். இரண்டு திரையிலும் ஒரே படம். ஜாமின் சிவப்பு வெளுத்துப்போய்க் கிடந்தது. பூட்டினதற்குப் பழிவாங்கிவிட்டான்!

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அண்ணி, ஒரு நிமிஷம் திறங்க. ஸ்கிரீனை நான் பார்த்துக் குடுத்துடறேன்."

"ஒண்ணும் வேணாம். எனக்குக் கை இருக்கு."

கை இருந்தது, வித்தை இல்லை. செட்டிங்கைத் திறந்து, அளவைக் குறைத்தால் எழுத்து எறும்பாகிறது. இரண்டு திரையையும் பிரித்தால் இடது வலமாகிறது, மவுஸ் அம்பு திரை ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மத்தியானத்துக்குள் எப்படியோ எழுத்தையும் திரைகளையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். நிறம்தான் மசியவில்லை. வெளுத்துத் தெரிகிறதே என்று சிவப்பைக் கூட்டி அனுப்பினாள். அச்சகத்து முதலாளி போனில் குதித்தார். "என்னம்மா இது, ஜாமா எலி மருந்தா?"

அடுத்த நாள் காலை, பட்ட பாடெல்லாம் வீண். மறுபடியும் யானை எழுத்து.

கள்ளச் சாவி வைத்திருக்கிறான் என்று கதவிடுக்கில் ஒட்டுத்தாள் ஒட்டினாள். காலையில் ஒட்டுத்தாள் கிழியாமல் இருந்தது, திரை மட்டும் கலைந்திருந்தது. வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். இவளா விடுவாள்? சோபாவில் அவன் ஓயாமல் போனை நோண்டுவது ஞாபகம் வந்தது. அட, வைஃபை! உட்கார்ந்த இடத்திலிருந்தே கலைக்கிறான்!

"ஏங்க, ஒண்ணு உங்க தம்பி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் கணவனிடம். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு இருக்கான்."

கணவன் தலையைச் சொறிந்தான். தம்பியிடம் காரணம் சொல்லத் தைரியமில்லாமல், "கொஞ்ச நாள் யாராவது ஃப்ரெண்டு ரூம்ல இருந்துக்கோடா" என்றான். அவன் ஏன் என்று கேட்கவில்லை. போர்வையை மடித்து வைத்து, அதே பையோடு படியிறங்கினான். "வரேன் அண்ணி" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வைஃபை பெட்டியைக் கழற்றிப் பீரோவில் வைத்தாள். திரையை ஒழுங்குபடுத்தினாள். இனிமேல் எவன் கலைக்கிறான், பார்க்கலாம். கணவன் வேலைக்குப் போயாயிற்று, கொழுந்தன் ஒழிந்தான், வாசல் கதவு தாழ். பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு இலையைக்கூட வரையவில்லை, கரண்ட் போய்விட்டு வந்தது. மிஷினை மறுபடி ஆன் பண்ணினாள்.

யானை எழுத்து. இரண்டு திரையிலும் ஒரே படம்.

திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. சந்தேகம் தீராமல் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்து, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். மறுபடியும் அதே கூத்து. மிஷினின் முகப்பில் பென்டிரைவ் சிவனே என்று மினுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஏத்தல, பென்டிரைவ்லேர்ந்தே ஓடும் என்று அவன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அணைக்கும்போதெல்லாம் இது செட்டிங்கை மறந்துபோகிறது. கலைக்கிற கை அவளுடையதுதான்.

அப்படியானால் ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததே, அது யார் கை? காலையில் தானாக ஓடிய மிஷின், உயரம் மாறிய நாற்காலி, வெளிறிய முகம். போனை எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி." பின்னால் பஸ் இரைச்சல்.

"தினம் காலையில நீதான் சரி பண்ணி வச்சியா?"

"ஆமா அண்ணி. அணைச்சா மறந்துடும். நீங்கதான் பிளக்கையே பிடுங்கிடுவீங்களே."

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"தினம் இந்தத் தொல்லையான்னு வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். பிடிச்ச பிறகு ஏத்திட்டா இந்தப் பிரச்சினையே இருக்காது. அந்த வீட்ல எனக்குன்னு இருந்த ஒரே வேலை அதுதான் அண்ணி."

அவனே தொடர்ந்தான். "சரி, இப்ப செட்டிங் திறங்க, நான் சொல்றேன். அளவை நூத்துல வைங்க. சின்னத் திரையைப் பிடிச்சு வலப்பக்கம் இழுத்து விடுங்க. அப்புறம் கலர்னு இருக்கும், அதுல பட்டியல்ல உங்க மானிட்டர் பேரைத் தேடுங்க…"

சொன்னபடியே செய்தாள். யானை இறங்கியது. படம் ஒரு பக்கம், கருவிகள் ஒரு பக்கம். ஜாமின் சிவப்பு பழச் சிவப்பாகத் திரும்பி வந்தது. நிறத்தைத் தன்னந்தனியாக அவளால் ஒருநாளும் இப்படிக் கொண்டுவர முடிந்ததில்லை.

"வந்துடுச்சா அண்ணி?"

அவள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"வரல" என்றாள். "நீயே வந்து பாரு. வரும்போது பையையும் எடுத்துட்டு வா."