பன்னிரண்டாம் குழாயின் கறுப்பு ஈ

ஆய்வகத்தில் அவரை ஈக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாற்பது கண்ணாடிக் குழாய்களில் பழ ஈ வளர்ப்பது அவர் வேலை. "என்னண்ணே, இன்னைக்கும் ஈ ஓட்டத்தானா?" என்பார் வாசல் காவலாளி. பல நாட்களில் அவரோடு பேசுகிற ஒரே ஆள் அந்தக் காவலாளிதான்.

ஈக்களில் பழுப்பும் உண்டு, கறுப்பும் உண்டு. கறுப்பு சற்றுக் கூடுதலாக முட்டையிடும். இருந்தும் சில குழாய்களில் அடியோடு மறைந்துவிடும். எத்தனை குழாய்களில் என்பதுதான் ஆய்வாளரம்மாவின் மூன்று வருடக் கேள்வி. ஒவ்வொரு தலைமுறையிலும் ஈக்களை மயக்கி, கட்டம் போட்ட தட்டில் கட்டத்துக்கு ஒன்றாக வைத்து, கட்ட எண் எழுதிய சீட்டுகளில் பதினாறைக் குலுக்கி எடுக்க வேண்டும். சீட்டு விழுந்த ஈக்களே அடுத்த தலைமுறைக்கான புதுக் குழாய்க்குப் போகும்; மற்றவை கழிந்துவிடும். பார்த்துப் பொறுக்கக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டாம் குழாயில் ஒரே ஒரு கறுப்பு ஈ மிஞ்சியிருந்தது. அதற்குச் சீட்டு விழவில்லை.

ஈக்காரர் வீட்டில் ஒரு காலத்தில் ஐந்து பேர். வெள்ளம் வந்த அன்று, நன்றாக நீந்தும் தம்பி உட்பட நாலு பேர் போனார்கள். நீந்தவே தெரியாத அவர் வேலைக்குப் போயிருந்தார்.

தூரிகையால், சீட்டு விழுந்த ஒரு பழுப்பு ஈயை ஒதுக்கிவிட்டு, கறுப்பை உள்ளே தள்ளினார்.

அதன்பிறகு கடவுள் முன் உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று வியாழக்கிழமை ஆய்வாளரம்மாவின் மேசைக்குப் போனார்.

"அம்மா, பன்னிரண்டுல கை வச்சுட்டேன். சீட்டு விழாததை நானா எடுத்துப் போட்டேன்."

"ஏண்ணே? நீங்களா இப்படி?"

"ஒத்தையா கிடந்துச்சும்மா. நல்லா முட்டை போடுற ஜாதி. அதுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லண்ணே. குறையில்லாததும் போயிடும். கூட்டம் சின்னதா இருந்தா, சீட்டு விழாததே போதும். அதைத்தானே எண்ணிட்டிருக்கோம்."

"அப்போ, மிஞ்சினது மேல தப்பு இல்லையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மிஞ்சினதுக்கு என்னண்ணே தப்பு?"

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"வேற குழாய்ல எதுவும்...?"

"சத்தியமா இல்லம்மா."

அவள் நம்பினாள். தவறியவனின் சொல்லை நம்புவதும் ஒரு தர்மம்தான். கணக்கு நோட்டில் பன்னிரண்டாம் குழாயின் வரிசையை மட்டும் அடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கண்ணே. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

யார் கேட்டாலும் 'எல்லாரும் சௌக்கியம்' என்று சொல்லிப் பழகியவர் அவர்.

"யாரும் இல்லம்மா" என்றார்.

அவள் நோட்டை மூடி வைத்தாள்.