கலவை வண்டி போய்ச் சேர்வதற்குள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா இப்போதுதான் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவள் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கான்கிரீட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. குப்பையை எரித்து மிஞ்சும் சாம்பலை, ஜல்லியில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலக்கிற ஆலை அது.

"டேய், சோதனைக்குன்னு எடுத்து அச்சுல போட்ட கலவை ஊதிடுச்சுடா," என்றாள். "விளிம்பைத் தாண்டி மேல வந்து நிக்குது. காதை வெச்சா உஸ்ஸுன்னு சத்தம்."

2

தொடக்கம், முதல் முயற்சி: குப்பைக்கும் மறுபிறவி உண்டு என்று—

(வேண்டாம். ஆண்டுவிழா மலர்க் கட்டுரை மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: சாம்பலுக்குள் அலுமினியத் துணுக்குகள் இருக்கும். ஈர சிமென்ட் பட்டால் அவற்றிலிருந்து வாயு கிளம்பும், கான்கிரீட் உள்ளுக்குள் பொத்தல் பொத்தலாகிவிடும். அதனால் சாம்பலை வாரக்கணக்கில் மழையிலும் காற்றிலும் ஆறப்போட்ட பிறகுதான் கலக்க வேண்டும்.

(பாடம் நடத்துகிறேன், தெரிகிறது. ஆனால் இது தெரியாவிட்டால் அந்த உஸ் சத்தத்துக்கு அக்கா ஏன் பயப்படுகிறாள் என்று உங்களுக்குப் புரியாது.)

3

மாமாவை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அக்காவின் வீட்டுக்காரர். அதே ஆலையில் சாம்பல் குவியல்கள் அவர் பொறுப்பு. புதிதாகக் கொட்டிய குவியல் ஒன்று மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மேலே ஓடு கட்டிவிட்டது. பார்த்தால் ஆறிய குவியல் மாதிரியே இருந்ததாம். அதிலிருந்து அள்ளச் சொல்லிவிட்டார்.

அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. தக்காளியைக்கூட ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குகிற மனிதர். ஏற்கெனவே ஒருமுறை அவரை எச்சரித்திருக்கிறார்கள். இன்னொரு தவறு என்றால் வேலை போய்விடும்.

4

அதே கலவையை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்தளத்துக்குப் போகிறது.

முடிவு அ: அக்கா அங்கிருக்கும் பொறியாளருக்குப் போன் செய்து வண்டியைத் திருப்புகிறாள். மாமா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்கிறார்.

முடிவு ஆ: யாரும் வாய் திறக்கவில்லை. தளம் நன்றாகத்தான் நிற்கிறது. என்றாவது ஒரு நாள், வகுப்பு நடக்கும்போது—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. பயமாக இருக்கிறது.)

மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பக்கத்தில்தான் நிற்கிறாராம். அச்சு எவ்வளவு பெரிது, கலவை என்ன நிறம் என்றெல்லாம் கேட்டேன். கதைக்கு வேண்டுமே. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். வண்டி இப்போது எங்கே இருக்கும் என்றேன். பாலத்தைத் தாண்டியிருக்கும் என்றாள்.

5

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொறியாளரைக் கூப்பிட வேண்டியவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் வரை அவள் வேறு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

"அக்கா, நான் வெச்சுடறேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் பேசேன்டா."

(மாமா குனிந்து அந்த அச்சில் காது வைக்கும் காட்சி இங்கே வர வேண்டும். எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.)

முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் காத்திருந்தால் வண்டி போய்ச் சேர்ந்துவிடும். நீங்களும் மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள். போனை வைக்கிறேன்.