லுவியை யாரும் கேட்கவில்லை

1

இந்தக் கதை கனடாவில், எங்கள் வின்னிபெக் குடியிருப்பின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே கிடைத்தது. கிடைத்தது என்ன, ஒட்டுக்கேட்டேன். மூன்றாம் மாடி லுவி வக்கீலிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவன் என்ற முறையில் இசகானி இங்கேயே தங்கக் கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. அவன் நாட்டை விட்டுப் போகவேண்டுமாம்.

நான் எழுதிய முதல் வரி: 'பனி கொட்டிய ஓர் இரவில்…'

வேண்டாம். எங்கள் ஊரில் பனி கொட்டாவிட்டால்தான் செய்தி.

2

அதிகாரி சொன்ன காரணம் இது: பிலிப்பைன்ஸில் இருக்கும் லுவியின் தங்கை முகநூலில் ஊர்ப்பட்ட படம் போடுகிறாள்; அக்கா கல்யாணம் மட்டும் அதில் இல்லை. வீட்டாருக்கே சொல்லாத கல்யாணம் இங்கே தங்கும் காகிதத்துக்காகச் செய்ததுதான்.

எழுதுகிறவளுக்கு இது அல்வா. உடனே ஆரம்பித்தேன்: 'இசகானிக்கு ஊரில் இன்னொரு மனைவி இருந்தாள். அவள் பெயர்…'

(இதை லுவியிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன்.)

"அக்கா, யாரு இந்தப் பொம்பள?"

"கற்பனைதான் லுவி. கதைன்னா ஒரு திருப்பம் வேணும்ல?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தீர விசாரிப்பதே மெய்னு எங்க ஊர்ல…"

"சொல்லத் தெரியுது, செய்யத் தெரியல. அந்த ஆபீசரும் கேக்கல, நீங்களும் கேக்கல!"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

3

கேட்டேன். லுவிக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான் தங்கைக்கும் கல்யாணம். கூடப்பிறந்தவர்கள் ஒரே வருஷத்தில் மணமுடித்தால் ஒரு ஜோடிக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.* அதனால் லுவி அடுத்த ஜனவரி வரை வீட்டாரிடம் மூச்சு விடவில்லை.

"அவளுக்கு ஒண்ணுன்னா பழி என் தலையிலதானே விழும்?"

"அப்ப ஜனவரி வரைக்கும் பொறுத்திருக்கலாமே?"

"அவன் பொறுக்கல." சிரித்துவிட்டாள். "நானுந்தான்."

* ஆடியில் கல்யாணம் வைக்காதவர்கள் சிரிக்க வேண்டாம்.

4

வக்கீல் அந்த முடிவை எதிர்த்து வழக்குப் போட்டார். நீதிபதி இந்தக் கல்யாணம் மெய்யா பொய்யா என்று சொல்லவில்லை. அது அவர் வேலையில்லை. சந்தேகம் வந்ததும் அதிகாரி அதை இவர்களிடம் சொல்லிப் பதில் கேட்டாரா என்று மட்டும் பார்த்தார். கேட்கவில்லை. ஆகவே பழைய முடிவு ரத்து. வேறோர் அதிகாரி புதிதாகப் பார்க்கட்டும் என்றார்.

வக்கீலம்மா கைகுலுக்கினார். லுவிக்கோ ஆத்திரம்.

"ஜெயிச்சும் மறுபடி முதல்லேருந்தா?"

"சும்மா இருடி," என்றான் இசகானி. "தோத்திருந்தா இந்நேரம் பெட்டி கட்டிட்டிருப்பேன்."

அதைக் கேட்டதும் அவள் ஆத்திரமெல்லாம் போய், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

5

முடிவுக்கு வருவோம். 'இசகானிக்கு அனுமதி கிடைத்து, இருவரும்…'

இல்லை. ஒருமுறை கேட்காமல் தீர்மானித்தவர் மறுபடி அதே கோப்பைத் தொடக்கூடாது. அந்த விதி எனக்கும் பொருந்தும். இந்தக் கதையை முடிக்கும் தகுதியை நான் இரண்டாம் பகுதியிலேயே இழந்துவிட்டேன்.

அந்த வேறோர் அதிகாரி நீங்கள்தான். இருவரும் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கும்போதே உங்களுக்கும் ஏதாவது சந்தேகம் வந்திருக்கும். மனசுக்குள் வைத்துக்கொண்டு முடிவை எழுதிவிடாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். பயத்தில் இசகானி கல்யாணத் தேதியையே மறந்துபோவான், லுவி அவனை முறைப்பாள். பேனாவை எடுக்காமல், இன்னொரு முறை கேளுங்கள்.